பத்து அடி பன்னிரண்டு அங்குலம்

கூட்டல் குறி சொன்ன பேச்சைக் கேட்காவிட்டால் அதைக் கூப்பிட்டுத் திட்ட ஒரு ஆள் வேண்டும். சிதம்பரத்தில் அந்த ஆள் நான்தான்.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே இப்படி ஒரு வேலை இருக்கிறது. மேல வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பாஸ்கர் அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறார். நாலு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், மழை பெய்தால் ஒழுகுகிற ஒரு மூலை. இன்ஜினியரிங் படிக்கிறவர்கள் தங்கள் லேப் புரோகிராமை ஃபிளாப்பியிலோ பென் டிரைவிலோ கொண்டுவருவார்கள். ஓடாததை ஓட வைத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டுகிற மாதிரி பிரின்ட் எடுத்துக் கொடுப்பது என் வேலை. நான் இன்ஜினியரிங் படிக்கவில்லை. பிளஸ் டூவில் கணக்கில் ஃபெயில். கம்ப்யூட்டர் சயின்ஸில் மட்டும் ஸ்கூல் ஃபர்ஸ்ட். கணக்கை மறுபடி எழுதச் சொன்னார்கள். எனக்குப் பொறுமை இல்லை. குமராட்சியில் மினி பஸ் ஏறி தினமும் இங்கே வந்துவிடுகிறேன். பெயர் ஜெயசீலி. கடையில் சீலி.

வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ஒரே வியாதி. அதன் பெயர் ஆப்பரேட்டர் ஓவர்லோடிங். பயப்பட ஒன்றுமில்லை. கூட்டல் குறிக்கு வெறும் எண்ணைக் கூட்டத்தான் தெரியும். 'நேரம்', 'உயரம்', 'எடை' என்று நாமாக ஒரு புது வகையை உண்டாக்கினால் (அதைத்தான் கிளாஸ் என்கிறார்கள்) அந்த வகையில் ரெண்டைக் கூட்டுவது எப்படி என்று கூட்டல் குறிக்கு நாம்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒழுங்காகச் சொன்னால் ஒழுங்காகச் செய்யும். தப்பாகச் சொன்னாலும் அதே மரியாதையோடு தப்பாகச் செய்யும். அடுத்தவர் எழுதியதைத் திருத்தி வயிறு வளர்க்கிற எல்லோருக்கும் இந்த மரியாதை எவ்வளவு எரிச்சல் என்று தெரியும். அது டைப்பிங் ஆகட்டும், தையல் ஆகட்டும்.

அரிசி எங்கே போனது

முதல் வாரமே மீசை வைத்த ஒரு மெக்கானிக்கல் பையன் வந்தான். கூடவே அவன் சிநேகிதன். 'எடை' என்று ஒரு கிளாஸ். கிலோ, கிராம். ஏ என்கிற எடையும் பி என்கிற எடையும் சேர்ந்து சி. ஓட்டிப் பார்த்தேன். சி சரியாக வந்தது. ஆனால் கடைசியில் மூன்றையும் வரிசையாகக் காட்டும்போது ஏ-யும் சி அளவுக்குப் பெருத்திருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால், பி-யை எடுத்து ஏ-க்குள்ளேயே போட்டுவிட்டு, அந்த ஏ-யை விடையாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறான்.

"உங்க வீட்டு அரிசியும் எங்க வீட்டு அரிசியும் சேத்து எவ்ளோன்னு கேட்டா, மனசுல கூட்டிச் சொல்லணும். எங்க அரிசியைத் தூக்கிட்டுப் போயி உங்க சாக்குல கொட்டிட்டு, இப்ப எடை போட்டுக்கன்னு சொல்லக் கூடாது" என்றேன். புதிதாக ஒரு எடையை உண்டாக்கி அதில் கூட்டி, அதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி மாற்றினேன். மூன்று வரிதான். அவனுக்கு அது பிடிக்கவில்லை. மூன்று வரியையும் புதிதாக மனப்பாடம் செய்ய வேண்டுமே. சிநேகிதனைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், ஸ்கிரீனைப் பார்த்தான். சொன்னான்:

"அரிசி யார் சாக்குல இருந்தா என்னா பாப்பா, ஆன்சர் வந்துச்சுல்ல?"

டொக் டொக்

சுகந்தி அக்கா வருவது கண்ணுக்குத் தெரியும் முன்னால் காதுக்குத் தெரியும். சந்து முழுக்க சிமென்ட் பலகை. அதில் ஹை ஹீல்ஸ் போட்டு டொக் டொக் என்று வருவாங்க. ஒரு கொரியர் ஆபீசில் வேலை. அங்கே நாள் முழுக்க நின்றுகொண்டே பார்சலுக்குப் பதிவு போட வேண்டும். அதற்கு எதற்கு ஹீல்ஸ் என்று எனக்குப் புரியவே இல்லை. கேட்டால் முறைப்பாங்க.

கடலூர் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் முடித்தவங்க. முடித்தவங்க என்றால் முடிக்கவில்லை. எல்லாப் பேப்பரும் பாஸ், சி பிளஸ் பிளஸ் லேப் ஒன்று மட்டும் நிற்கிறது. ரெண்டு தடவை எழுதிப் போய்விட்டது. நின்ற பேப்பரை எழுதி முடிக்கக் காலேஜ் கொடுத்த வருஷக் கணக்கு முடிகிறது. வருகிற நவம்பர்தான் கடைசி வாய்ப்பு. அதிலும் போனால் படித்த நாலு வருஷத்துக்கும் டிகிரி கிடையாது. இதை என்னிடம் அழாமல் சொன்னாங்க. நானும் பாவம் பார்க்காமல் கேட்டேன், "ரெண்டு தடவை எப்படிப் போச்சு?"

முதல் தடவை பயத்தில் கை ஓடவில்லையாம். ரெண்டாவது தடவைதான் எனக்கு விநோதமாக இருந்தது. சீட்டு எடுத்ததில் 'உயரம்' புரோகிராம் வந்திருக்கிறது. அடி, அங்குலம் கூட்டுகிற புரோகிராம். எங்கள் கடையில் பன்னிரண்டு லேப் புரோகிராமையும் டைப் அடித்து ஜெராக்ஸ் போட்டு 'செட்' என்று வைத்திருக்கிறோம். அக்கா அந்தச் செட்டை வாங்கி வரிக்கு வரி மனப்பாடம் செய்து, அதை அப்படியே அடித்திருக்காங்க. ஓடியும் இருக்கிறது. வெளிக் காலேஜிலிருந்து வந்த எக்ஸ்டர்னல் பக்கத்தில் வந்து நின்று ஏதோ எண் போடச் சொல்லி, வந்த விடையைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். பேப்பரைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். அக்கா எழுந்து வெளியே வந்துவிட்டாங்க.

"ஏன் சிரிச்சார்?" என்று கேட்டேன். அக்காவின் முகம் சுருங்கிவிட்டது.

"அத மட்டும் கேக்காதடி. புரோகிராம் ஓடுதா இல்லியா, அத மட்டும் பாரு."

மினி பஸ் நேரம்

ஓட்டிப் பார்த்தேன். செட்டில் எடுத்துக்காட்டாகப் போட்டிருக்கிற எண்ணையே போட்டேன். அஞ்சு அடி எட்டு அங்குலம், ஆறு அடி ஏழு அங்குலம். விடை, பன்னிரண்டு அடி மூணு அங்குலம். சரிதான். மறுபடி போட்டேன். மறுபடியும் சரி. ஏன் சிரித்தார்? வேலை நடுவே அது மண்டைக்குள் ஈ மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது.

அதே வாரம் காட்டுமன்னார்கோயில் பக்கத்துப் பையன் ஒருவன் 'நேரம்' கிளாஸ் கொண்டுவந்தான். மணியும் நிமிஷமும். ஒரு மணி ஐம்பது நிமிஷத்தோடு இருபது நிமிஷத்தைக் கூட்டினால் 'ஒரு மணி எழுபது நிமிஷம்' என்று வந்தது. கூட்டினானே தவிர, நிமிஷம் நிறைந்தால் மணிக்கு ஏற்ற வேண்டும் என்று கூட்டல் குறிக்கு அவன் சொல்லவே இல்லை. "அறுபது ஆனதும் ஒரு மணி. அறுபத்தொண்ணு வரைக்கும் காத்துக்கிட்டிருக்கக் கூடாது. சரியா அறுபதுன்னாலே ஏத்திடணும்" என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். (இந்த வரியைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.) அவனும் என் மினி பஸ்ஸில் வருகிறவன்தான். குமராட்சியில் அது எப்போது வரும் எப்போது போகும் என்று டிரைவருக்கே தெரியாது. புரோகிராமை வாங்கிக்கொண்டு போகும்போது திரும்பிச் சொன்னான்:

"ஒரு மணி எழுபது நிமிஷம்னு வந்ததுதாங்க நம்ம பஸ்ஸுக்குக் கரெக்ட் டைமு."

எல்லோரும் சமம்

மூன்று பெண்கள் சேர்ந்து ஒரு புரோகிராம் கொண்டுவந்தார்கள். ரெண்டு மாணவர்களின் மார்க் சமமா என்று பார்க்க வேண்டும். அதற்கு ரெண்டு சமக் குறி சேர்ந்த ஒரு குறி இருக்கிறது. அதற்குத்தான் இவர்கள் புது அர்த்தம் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருகிற இடத்தில் ஒரு குறியை விட்டுவிட்டார்கள். ஒற்றைச் சமக் குறி என்றால் 'சமமா?' என்ற கேள்வி இல்லை. 'சமமாக்கு' என்ற உத்தரவு. ஆகவே தொண்ணூறு வாங்கியவளையும் முப்பது வாங்கியவளையும் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால், தொண்ணூறை முப்பதாக்கிவிட்டு 'ஆமாம், சமம்' என்று புரோகிராம் சொல்லிற்று.

எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. இருபது ஜோடி எண் போட்டுப் பார்த்தேன். எல்லோரும் எல்லோருக்கும் சமம். இரண்டாவது ஆள் சைபர் வாங்கியிருந்தால் மட்டும் 'சமம் இல்லை' என்றது. ரெண்டு பேருமே சைபர் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். அதற்கும் காரணம் இருக்கிறது, இங்கே வேண்டாம். திருத்திக் கொடுத்தேன். மூவரில் கடைசி பெஞ்சு மாதிரி இருந்த பெண்ணுக்கு மட்டும் வருத்தம்.

"மொத ஆளா என்னைப் போட்டு, ரெண்டாவதா எங்க டாப்பரைப் போட்டு இப்படியே விட்டுடேன் பாப்பா, நானும் பாஸாயிட்டுப் போறேன்."

ஒரே செல்ஃபோன்

சுகந்தி அக்கா தினமும் சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் வந்து பழகினாங்க. மனப்பாடத்தை நிறுத்தச் சொன்னேன். "வரி மறந்தா செத்தீங்க. ஏன்னு புரிஞ்சிக்கிட்டா மறந்தாலும் திரும்ப எழுதலாம்." இவ்வளவு பெரிய வாயோடு சொன்னது, கணக்கில் ஃபெயிலான நான். அக்கா மேஜைக்கு அடியில் ஹீல்ஸைக் கழற்றிவிட்டுக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டே கேட்டாங்க.

சொற்களை ஒட்டுகிற புரோகிராமில் அக்காவுக்கு ஒரே தகராறு. ஒரு சொல்லை இன்னொன்றில் வைத்துவிட்டு, முதல் சொல் அழிந்ததும் இரண்டாவதும் குப்பையாகிவிடும். ஏனென்றால் நாம் சொல்லித்தராவிட்டால், சமக் குறி எழுத்துகளை நகல் எடுக்காது. எழுத்து இருக்கிற இடத்தின் முகவரியை மட்டும் நகல் எடுக்கும். ரெண்டு பேர், ஒரே இடம். ஒருத்தர் இடத்தைக் காலி செய்தால் இன்னொருத்தருக்கும் போச்சு. இதை நான் மூன்று விதமாகச் சொன்னேன், படம் போட்டேன், கோபப்பட்டேன். நாலாவது தடவை அக்கா திடீரென்று மேஜையைத் தட்டினாங்க.

"அடிப்பாவி, இது எங்க வீட்டு செல்ஃபோன்டி! எனக்கும் தங்கச்சிக்கும் ஒண்ணுதான். அவ பேசிப் பேசி சார்ஜைத் தீத்துட்டா, நானும்ல சேந்து செத்துப்போறேன்!"

அஞ்சு ஒண்ணு

பரீட்சைக்கு மூன்று நாள் இருந்தது. அடைமழை. கடையில் நானும் அக்காவும்தான். ஒழுகுகிற மூலையில் பாஸ்கர் அண்ணன் பிளாஸ்டிக் வாளி வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார். அக்கா பன்னிரண்டு புரோகிராமையும் பார்க்காமல் அடித்து முடித்துவிட்டாங்க. எனக்கு மட்டும் திருப்தி இல்லை. அந்த எக்ஸ்டர்னல் ஏன் சிரித்தார் என்பது தெரியாமல் இந்த ஆளை எப்படிப் பரீட்சைக்கு அனுப்புவது?

"அக்கா, நீங்க சொல்லலன்னா நான் இனிமே சொல்லித்தர மாட்டேன்" என்றேன். மிரட்டல்தான். எனக்கு நயமாகக் கேட்கத் தெரியாது.

அக்கா வாளியில் சொட்டுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாங்க. "உன் உயரம் என்னாம்மான்னு கேட்டார். அஞ்சு ஒண்ணுன்னேன். என் உயரத்தையும் உன் உயரத்தையும் கூட்டு பாப்போம்னார். அவரு பனை மரம் மாதிரி நிக்கிறாரு. நான் கூட்டினேன். பாத்தாரு, சிரிச்சாரு. லேப்ல அத்தினி பேரு எதுக்க என்னைக் குள்ளச்சின்னு சொல்லாம சொன்னாரு. 'சரியா பாத்துக் குடும்மா'ன்னு பேப்பரை நீட்டினாரு. போய்யான்னு மனசுக்குள்ள சொல்லிட்டு வந்துட்டேன்."

"அவர் உயரம் என்ன?"

"அவரேதான் டைப் பண்ணினாரு. நான் எங்க பாத்தேன், உயரத்தக் கேட்டதுமே எனக்குக் கண்ணுல தண்ணி."

நான் அக்காவின் அஞ்சு அடி ஒரு அங்குலத்தை முதலில் போட்டேன். எதிரே ஆறு அடி. பதினோரு அடி ஒரு அங்குலம், சரி. ஆறு அடி ஒரு அங்குலம். பதினோரு அடி ரெண்டு, சரி. அவ்வளவு உயரம் இருக்காது என்று கீழே இறங்கினேன். அஞ்சு பத்து. பத்து அடி பதினொண்ணு, சரி. நடுவில் ஒன்றுதான் பாக்கி. அஞ்சு பதினொண்ணு. என்டர் தட்டினேன்.

'10 அடி 12 அங்குலம்' என்று வந்தது.

பன்னிரண்டு அங்குலம் என்றால் ஒரு அடி. பதினோரு அடி என்று வந்திருக்க வேண்டும். நான் கத்தியே விட்டேன். அக்கா ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய், "இதான்டி. பத்து பன்னெண்டு. இதான் வந்துச்சு" என்றாங்க. உள்ளே போய்ப் பார்த்தேன். அங்குலம் பன்னிரண்டைத் தாண்டினால் அடிக்கு ஏற்று என்று எழுதியிருந்தது. தாண்டினால்! பதிமூன்று, பதினைந்து, இருபது எல்லாவற்றையும் ஒழுங்காக ஏற்றிவிடும். சரியாகப் பன்னிரண்டில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். செட்டில் போட்டிருக்கிற எட்டும் ஏழும் பதினைந்து. அதனால்தான் ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. நான் இவ்வளவையும் மூச்சு விடாமல் விளக்கிக்கொண்டிருந்தேன். அக்கா காதில் ஒரு வார்த்தையும் ஏறவில்லை.

"அப்போ... அந்த மனுஷன் என்னப் பாத்து சிரிக்கலியா?"

பதினொன்று

அக்கா போன பிறகு அலமாரியைத் திறந்தேன். அந்தச் செட்டுக்கு மூலம் ஒரு பழைய மாணவரின் கையெழுத்து ரெக்கார்டு நோட்டு. அதைப் பார்த்துத்தான் கம்ப்யூட்டரில் அடித்தது. எழுதினவனைத் திட்ட வேண்டும் என்று ஆசையாகப் பக்கத்தைப் புரட்டினேன். அழகான கையெழுத்தில், அங்குலம் பதினொன்றைத் தாண்டினால் அடிக்கு ஏற்று என்று எழுதியிருந்தது. பதினொன்றைத் தாண்டினால் என்றால் பன்னிரண்டிலிருந்தே ஏறும். அவர் எழுதியது சரி. டைப் அடித்தவர்தான் பன்னிரண்டு என்று மாற்றியிருக்கிறார்.

டைப் அடித்தது நான்.

அந்த நிமிஷம் கூட ஞாபகம் வந்துவிட்டது. கடையில் சேர்ந்த முதல் மாசம். 'ஒரு அடிக்குப் பன்னெண்டு அங்குலம். இது தெரியாத லூசு எவன் பதினொண்ணுன்னு எழுதினான்' என்று நினைத்து, பெரிய புத்திசாலி மாதிரி நானே திருத்தினேன். நின்று ஒரு தடவை யோசித்திருந்தால் தெரிந்திருக்கும். யோசிக்கப் பொறுமை இல்லை. ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன், எட்டும் ஏழும், சரியாக வந்தது, அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டேன். மினி பஸ் பையனிடம் அறுபதுக்கு விரலை ஆட்டிய அதே ஆள்தான். அந்தச் செட்டை மனப்பாடம் செய்துதான் அக்கா போன தடவை பரீட்சைக்குப் போனது.

பாஸ்கர் அண்ணனிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, கடைக்காரர். "சரி பண்ணிட்டல்ல, விடு. அந்தப் பொண்ணுக்குப் பரிச்சை நேரம். இப்பப் போயி சொன்னா உன் மேல இருக்கிற நம்பிக்கையும் போயிடும், படிச்சதும் மறந்துடும். அப்புறமா சொல்லிக்கலாம்" என்றார். அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. அன்று மினி பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே போனேன். இறங்கும்போது அது கையில் இல்லை. இன்னும் பதினோரு புரோகிராம் இருக்கிறதே! அதில் எங்கெங்கே நான் புத்திசாலித்தனம் காட்டினேனோ யாருக்குத் தெரியும்? அக்காவுக்குச் சீட்டில் எது வரும் என்றும் யாருக்கும் தெரியாது.

மறுநாள் அக்கா வந்து உட்கார்ந்ததும் நோட்டை விரித்து வைத்துவிட்டுச் சொன்னேன். "மாத்தினது நான்தான்க்கா. என்னாலதான் உங்களுக்குப் போன தடவை போச்சு." அக்கா கையெழுத்தையும் ஜெராக்ஸையும் மாறி மாறிப் பார்த்தாங்க. எழுந்து போய்விடுவாங்க என்று நினைத்தேன். குனிந்து, கழற்றிப் போட்டிருந்த ஹீல்ஸில் ஒன்றைக் கையில் எடுத்தாங்க. அடிக்கத்தான் போறாங்க என்று நாற்காலியைப் பின்னால் தள்ளினேன்.

"இதப் பாத்தியாடி? அந்த ஆளு குள்ளச்சின்னு சொல்லிட்டான்னு ஆறு மாசமா இதப் போட்டு நின்னு நின்னு என் காலு பன்னு மாதிரி வீங்கிக் கெடக்கு. உன்னோட ஒத்தப் பன்னெண்டுக்கு!"

போர்டு

அடிக்கவில்லை. "உக்காரு. எல்லாத்தையும் வரிக்கு வரி பாக்கலாம்" என்றாங்க. அன்று மாலை முழுக்க அக்கா நோட்டை வாசிக்க, நான் ஸ்கிரீனில் சரிபார்த்தேன். இன்னும் ரெண்டு இடத்தில் நான் கை வைத்திருந்தேன். ஒன்று தீங்கில்லாதது. இன்னொன்றில் கழித்தலுக்கு எது முதலில் எது பின்னால் என்பதை மாற்றி வைத்திருந்தேன். பெரிய எண்ணை முதலில் போட்டாலும் விடை மைனஸில் வரும். ரெண்டையும் நோட்டில் இருக்கிறபடியே ஆக்கினேன். சரி என்று எனக்குத் தோன்றினாலும் இனி ஓட்டிப் பார்க்காமல் ஒரு புள்ளியையும் நகர்த்துவதில்லை என்று அக்கா என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டாங்க. என்ன எண்ணைப் போட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான். எல்லையில் இருக்கிற எண்.

பழைய செட்டை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. ஒரு வெள்ளைத் தாளில் எந்தெந்தப் புரோகிராமில் எந்த வரி தப்பு என்று எழுதி வாசல் கண்ணாடியில் ஒட்டினேன். "நம்ம ஓட்டைய நாமளே போர்டு போட்டு வெச்சா எவன்டி வருவான்?" என்றார் பாஸ்கர் அண்ணன். ஆனால் கிழிக்கவில்லை. சாரல் படாமல் இருக்க மேலே செலோ டேப்பும் அவரே ஒட்டினார். மறுநாள் சாயங்காலம் ரெண்டு பேர் நின்று படித்தார்கள். ஒருவன், "மச்சான், நாம இதத்தான்டா எழுதினோம்" என்றான். இன்னொருவன் என்னைப் பார்த்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான்:

"ஜாஸ்தி சத்தம் போடாத பாப்பா, நாங்க பாஸாயி ஒரு வருஷம் ஆவுது. இப்பப் போயி தப்புன்னு கண்டுபுடிக்காத."

சத்தம் இல்லாமல்

பரீட்சை நாளன்று காலையில் மழை விட்டிருந்தது. அக்கா கடலூர் பஸ் ஏறிப் போனாங்க. நான் கடையில் உட்கார்ந்து ஒரு வேலையும் உருப்படியாகச் செய்யவில்லை. ஒரு பையனுக்கு ஜெராக்ஸ் தாளின் முன்னும் பின்னும் ஒரே பக்கத்தையே எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். மத்தியானத்துக்கு மேல் காதைச் சந்துப் பக்கமே வைத்திருந்தேன். டொக் டொக் கேட்கவில்லை. நாலு மணி, அஞ்சு மணி. இந்தத் தடவையும் எழுந்து வந்துவிட்டாங்களோ என்று வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

"என்னாடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்று தலைக்கு மேல் குரல் கேட்டது. அக்காதான். காலில் ரப்பர் செருப்பு. அதனால்தான் சத்தம் இல்லை. முதல் தடவையாக அக்காவை அவங்க நிஜ உயரத்தில் பார்த்தேன். என்னைவிடக் குள்ளம்.

சீட்டில் சொல் ஒட்டுகிற புரோகிராம் வந்ததாம். என் பன்னிரண்டு வரவே இல்லை. செல்ஃபோனை நினைத்துக்கொண்டே அரை மணியில் எழுதி ஓட்டிக் காட்டிவிட்டாங்க. பிறகு வைவா, அதாவது வாய்மொழியாகக் கேள்வி கேட்கிற பகுதி. எக்ஸ்டர்னல் வேறு ஆள், வயதானவர். "மனப்பாடம் பண்ணி எழுதினியா, புரிஞ்சு எழுதினியா?" என்று கேட்டிருக்கிறார். அக்கா யோசித்துப் பார்த்துவிட்டு, "போன தடவை மனப்பாடம் பண்ணினேன் சார்" என்று ஆரம்பித்து, அஞ்சு ஒண்ணு, அஞ்சு பதினொண்ணு, பத்து அடி பன்னிரண்டு அங்குலம் வரைக்கும் முழுக் கதையும் சொல்லி, அது ஏன் தப்பு, பதினொண்ணு ஏன் சரி என்று தாளில் எழுதியும் காட்டியிருக்காங்க. என் பெயரைச் சொன்னீங்களா என்று கேட்டேன். 'ஒரு அதிகப்பிரசங்கி' என்று சொன்னாங்களாம்.

"அவர் என்ன சொன்னார்?"

"இவரும் சிரிச்சாரு. ஆனா இந்த வாட்டி எதுக்கு சிரிக்கிறாருன்னு தெரிஞ்சதால, நானும் சேந்து சிரிச்சுட்டு வந்துட்டேன்."

ரிசல்ட் வந்துவிட்டது, அக்கா இன்ஜினியர் ஆகிவிட்டாங்க, ஹீல்ஸ் அவங்க தங்கச்சிக்குப் போய்விட்டது. பன்னிரண்டு அங்குலம் ஒரு அடி என்று எல்லோருக்கும் முன்னால் தெரிந்துவைத்திருந்த நான் மட்டும் கணக்கில் அதே ஃபெயிலோடு இங்கேயே உட்கார்ந்து, அடுத்தவருடைய கூட்டல் குறியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.